புது ஃப்ரிட்ஜ் வந்ததிலிருந்து இ.எல்.சி.பி. விழுது: தப்பு ஃப்ரிட்ஜிலா, வயரிங்கிலா?

தேவிபட்டினம் வாசகர் | 3 நவம்பர், காலை 7:40

போன மாசக் கடைசியில் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வாங்கினோம். அதிலிருந்து ராத்திரி ஒரு தடவையாவது இ.எல்.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானே அணையுற சுவிட்ச்) விழுது. பகலில் பெரும்பாலும் விழுறதில்லை. கம்பெனி டெக்னீஷியன் மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டு, "ஃப்ரிட்ஜ் ஓகே, வீட்டில் எர்த் சரியில்லை"ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். வயரிங் செஞ்ச ஒயர்மேன் இ.எல்.சி.பி. வீக்குன்னு சொல்லி மாத்தினார், பொருளுக்கும் கூலிக்கும் பணம் வாங்கினார். அப்புறமும் விழுது. இப்போ ஃப்ரிட்ஜ்தான் கோளாறுங்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்தோம், ஒண்ணும் ஆகலை. அப்போ வயரிங்தானே தப்பு? ஒயர்மேன்கிட்ட காசைத் திருப்பிக் கேட்கலாமா?

மண்டபம் ஒயர்மேன் | 3 நவம்பர், இரவு 9:15

பக்கத்து வீட்டில் ஓடினதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. அந்த வீட்டு போர்டில் இ.எல்.சி.பி. இருக்கான்னு முதல்ல பாருங்க. நம்ம பக்கம் பழைய வீடுகள் பலதில் மெயின் சுவிட்சும் ஃப்யூஸ் கட்டையும்தான். அங்கே 200 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலும் எதுவும் விழாது. "அங்கே ஓடுச்சே"ங்கிற ஒரு வார்த்தையில்தான் முக்கால்வாசிச் சண்டை ஆரம்பிக்குது.

நாம வாய்ப்பழக்கமா இ.எல்.சி.பி.ன்னு சொன்னாலும் இப்போ போர்டில் இருக்கிறது ஆர்.சி.சி.பி. பேஸில் போற கரண்டையும் நியூட்ரலில் திரும்புற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் வந்தா விழும். 30 மில்லி ஆம்பியர் போட்டிருந்தா, 15 வரைக்கும் விழக் கூடாது, 30-இல் கட்டாயம் விழணும். நடுவில் எங்கே விழுந்தாலும் அது நல்ல பொருள்தான். 18-இல் விழுறதை வீக்குன்னு சொல்லி மாத்துறதில் நியாயம் இல்லை.

அடுத்தது மல்டிமீட்டர். ஓம்ஸ் ரேஞ்சில் அது கொடுக்கிறது சில வோல்ட். 230 வோல்ட்டில் கசியுற இடம் அந்தச் சில வோல்ட்டுக்கு அசையாது. இதுக்கு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வேணும். ஃப்ரிட்ஜ் ப்ளக்கைக் கழற்றி, பேஸ் பின்னையும் நியூட்ரல் பின்னையும் ஒண்ணாச் சேர்த்து, அதுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் வைக்கணும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மெகர் வைக்கவே கூடாது, உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டு போயிடும். சர்ஜ் பாதுகாப்பு இருக்கிற மாடல்னா 250 வோல்ட்டில் பாருங்க. 1 மெகா ஓமுக்கு மேலே காட்டினா நல்லது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீன்னு எழுதினது நல்ல துப்பு. அதில் பனி உருக்குற டிஃப்ராஸ்ட் ஹீட்டர் ஒண்ணு இருக்கு. கம்ப்ரஸர் பல மணி நேரம் ஓடினப்புறம் ஒரு தடவை கொஞ்ச நேரத்துக்கு வரும், போயிடும். உருகின தண்ணி ஹீட்டர் முனையில் இறங்கினா அந்த நேரத்தில் மட்டும் கசியும். டெக்னீஷியன் வந்து நிக்கிற பத்து நிமிஷத்தில் அது வராது. இன்னொண்ணு, ஹீட்டரோட சேர்ந்த பைமெட்டல் (சூடு, குளிர் பார்த்து மாறுற சுவிட்ச்) நல்லாக் குளிர்ந்தாத்தான் ஒட்டும். வெதுவெதுன்னு கிடக்கிற ஃப்ரிட்ஜில் மெகர் வச்சா சில மாடலில் ஹீட்டரே சுற்றில் வராது. ராத்திரி முழுக்க ஓடினதை நிறுத்தின உடனே வச்சுப் பாருங்க.

கீழக்கரை ஏ.சி. மெக்கானிக் | 3 நவம்பர், இரவு 10:02

மண்டபம் காக்கா (எங்க பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. அந்த டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த காகிதம் தன்னைத்தானே மறுக்குது. எர்த் சரியில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் பாடிக்குக் கசிஞ்ச கரண்ட் போக வழி இருக்காது, இ.எல்.சி.பி. சும்மா இருக்கும். வெறுங்காலோட யாராவது கதவைத் தொடும்போதுதான் விழும். விழுதுன்னா கரண்ட் எங்கேயோ மண்ணுக்குப் போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். எர்த் இருக்கிறதால்தான் விழுது. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடாதீங்க, பத்திரமா வைங்க.

மண்டபம் ஒயர்மேன் | 4 நவம்பர், காலை 6:20

ராத்திரி விழுது, பகலில் விழலைங்கிறதைப் பத்தி எழுதாம விட்டேன். ஹீட்டர் பகல் ராத்திரி பார்க்காது. அதனால் ஃப்ரிட்ஜ் மட்டுமே காரணம்னா பகலிலும் விழணும்.

உப்பு ஒரு அளவுக்கு மேல ஈரம் இருந்தா காற்றிலிருந்து தண்ணியை உறிஞ்சித் தானே கரையும். சாதாரண உப்புக்கு அந்த அளவு சுமார் 75 சதவீத ஈரப்பதம். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம கரையில் ராத்திரி முழுக்க அதுக்கு மேலதான் இருக்கும். மத்தியானம் வெயில் வந்தா இறங்கிடும். பகலில் காய்ஞ்ச பொடியா ஒட்டிக்கிட்டிருக்கிற உப்பு கரண்டைக் கடத்தாது. அதே உப்பு ராத்திரி ஈரப் பூச்சா மாறும், டெர்மினலிலிருந்து எர்த் வரைக்கும் பாதை போட்டுடும். பதினோரு மணிக்கு மேல் வெயிலில் போய் மெகர் வச்சா வயரிங் சுத்தமாத்தான் காட்டும். விடியக்காலை ஆறு மணிக்குள்ளே வைக்கணும்.

உப்பு உட்காருற இடம்: கேட் லைட், வாசல் பெல் சுவிட்ச், மொட்டைமாடி பாக்ஸ், மோட்டார் ஸ்டார்ட்டர், ஏ.சி. வெளி யூனிட்டுக்குப் போற ஐசொலேட்டர். கடலைப் பார்த்த பக்கத்துச் சுவரை முதல்ல பாருங்க.

வாசகர் | 4 நவம்பர், காலை 8:05

கேட் லைட் இருக்கு. ராத்திரி ஏழு மணிக்குப் போட்டா காலையில்தான் அணைப்போம். ஆனா அதுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ரிட்ஜ் இல்லாதப்போ எத்தனையோ மழைக்காலம் அந்த லைட் எரிஞ்சிருக்கு, விழுந்ததே இல்லை.

மண்டபம் ஒயர்மேன் | 4 நவம்பர், இரவு 8:50

உங்க கேள்வியிலேயே பதில் இருக்கு. கேட் லைட்டில் 12 மில்லி ஆம்பியர் கசியுதுன்னு வைங்க. தனியா அது இ.எல்.சி.பி.யை விழ வைக்காது. ஃப்ரிட்ஜ் ஹீட்டர் 6 கசியுது. அதுவும் தனியா விழ வைக்காது. ரெண்டும் ஒரே நேரத்தில் வந்தா 18. 15-ஐத் தாண்டிடுச்சு, விழலாம். ஃப்ரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனா ஓடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் லைட் எரியும். ரெண்டு பேருமே "என் மேல தப்பில்லை"ன்னு சத்தியம் பண்ணலாம், ரெண்டு சத்தியமும் உண்மையாவே இருக்கும்.

கடலோரத்தில் ஃப்ரிட்ஜா வயரிங்கான்னு கேட்கிற கேள்வியே பல சமயம் தப்பு. எது எவ்வளவு கசியுதுன்னுதான் கேட்கணும். அளந்து நம்பரைச் சொன்னா சண்டை பாதியில் நின்னுடும்.

அளக்க லீக்கேஜ் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விக் கசிவை அளக்கிற மீட்டர்) வேணும். சாதாரண டாங் டெஸ்டர் பெரும்பாலும் 0.1 ஆம்பியருக்கு, அதாவது 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே காட்டாது. நமக்கு வேண்டியது அதுக்கும் கீழே. மில்லி ஆம்பியர் காட்டுற டெஸ்டர் சில ஆயிரம் ரூபாய் ஆகும். கடலோரத்தில் வேலை பார்க்கிற ஒயர்மேன் பையில் அது இல்லாட்டி ஊகத்தில்தான் வேலை நடக்கும். இ.எல்.சி.பி.யிலிருந்து வெளியே போற பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து ஒரே வாயில் கவ்வணும். தனித்தனியாக் கவ்வினா லோடு கரண்ட்தான் வரும். முதல்ல எல்லா ப்ளக்கையும் கழற்றிட்டு வயரிங் மட்டும். அப்புறம் ஒவ்வொரு பொருளா. ஃப்ரிட்ஜுக்கு, வெளி உறையை மட்டும் நீக்கி வயரைப் பிரிச்ச ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டு அதில் பேஸ், நியூட்ரல் ரெண்டையும் கவ்வி, மேக்ஸ் ஹோல்டு (வந்ததில் அதிகமான அளவைப் பிடிச்சு வைக்கிறது) போட்டு ராத்திரி விட்டுடுங்க. சில டெஸ்டர் தானே அணைஞ்சுடும், அந்த ஆட்டோ ஆஃபை எடுத்துட்டு விடணும்.

வயரிங்கும் பொருளும் சேர்ந்து சாதாரணமாக் கசியுறது இ.எல்.சி.பி. அளவில் முப்பது சதவீதத்துக்குள்ளே இருக்கணும்னு ஒரு நல்ல வழக்கம் இருக்கு. 30-க்கு 9. அதுக்கு மேல போனா எப்ப விழும்னு சொல்ல முடியாது.

தங்கச்சிமடம் | 4 நவம்பர், இரவு 9:30

லைட் சுவிட்சை அணைச்சுட்டா அந்த லைன் போயிடுச்சுன்னு நினைக்க வேண்டாம். நியூட்ரல் அப்படியே இருக்கு. நியூட்ரல் ஈரத்தில் எர்த்தோட சேர்ந்தாலும் விழும். எல்லாச் சுவிட்சையும் அணைச்சும் விழுதுன்னா முதல் சந்தேகம் அங்கேதான்.

மண்டபம் ஒயர்மேன் | 4 நவம்பர், இரவு 9:55

தம்பி, பாதி சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் நம்ம வீடுகளில் ஒண்ணு ரெண்டு வோல்ட்தான் இருக்கும். 2 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் போகணும்னா பாதை 130 ஓம் சுமாருக்குக் கீழே வரணும். உப்பு ஈரம் கொடுக்கிற பாதை ஆயிரக்கணக்கில் ஓம். அதனால் ஈரத்தால் நியூட்ரல் மட்டும் கசிஞ்சு விழுறது அபூர்வம். பைப்பில் ஆணி இறங்கி நியூட்ரலும் எர்த்தும் நேரா ஒட்டியிருந்தா நீங்க சொல்றது அப்படியே நடக்கும். வீட்டில் எங்கேயாவது பெரிய லோடு போட்டாப் போதும், அந்த லைன் அணைஞ்சிருந்தாலும் விழும். கண்டுபிடிக்கிற வழி: சுவிட்சை நம்பாம அந்த லைனோட நியூட்ரலையும், போர்டில் நியூட்ரல் எல்லாம் சேருற பாரிலிருந்து கழற்றி மெகர் வைக்கிறது.

சுவிட்சே நியூட்ரலில் போட்டிருக்கிற வீடும் உண்டு. அங்கே லைட்டை அணைச்சாலும் ஹோல்டர் வரைக்கும் பேஸ் நிக்கும், உப்பு ஈரம் பகல் ராத்திரி கசிஞ்சுக்கிட்டே இருக்கும்.

தங்கச்சிமடம் | 5 நவம்பர், காலை 7:10

சரிண்ணே. அப்போ இன்னொண்ணு. புதுசா இன்வெர்ட்டர் மாட்டின வீட்டில் ஃபேன் போட்டாலே விழுதுன்னு கூப்பிடுவாங்க. ஃபேனை மாத்தி, ரெகுலேட்டரை மாத்தி, கடைசியில் கடைக்காரரோட சண்டை. காரணம் நியூட்ரல்தான். இன்வெர்ட்டருக்குப் போற பேஸை இ.எல்.சி.பி.க்குப் பின்னாடி எடுத்திருப்பாங்க, ஃபேனோட நியூட்ரல் இ.எல்.சி.பி.க்கு முன்னாடி இருக்கிற பாரில் போய்ச் சேர்ந்திருக்கும். போன கரண்ட் அது வழியாத் திரும்பலைன்னா விழத்தான் செய்யும். மாடிக்கு ஒண்ணு கீழே ஒண்ணுன்னு ரெண்டு இ.எல்.சி.பி. போட்டு நியூட்ரலைக் கலந்துட்டாலும் இதே கதை. இங்கே எந்தப் பொருளிலும் கோளாறே இல்லை.

கீழக்கரை ஏ.சி. மெக்கானிக் | 5 நவம்பர், மதியம் 2:25

12-ம் 6-ம் 18-ன்னு கூட்டினீங்களே காக்கா, அது ஹீட்டருக்கும் உப்புக்கும் பொருந்தும். எல்லாத்துக்கும் பொருந்தாது. இன்வெர்ட்டர் ஏ.சி., டி.வி., எல்.இ.டி. டிரைவர் இதிலெல்லாம் ஃபில்டர் கண்டென்சர் பேஸிலிருந்து எர்த்துக்கு இருக்கு. 4.7 நானோ ஃபேரட் ஒண்ணு 230 வோல்ட்டில் சுமார் 0.34 மில்லி ஆம்பியர் விடும். அது கோளாறு இல்லை, டிசைனே அப்படி. அந்தக் கரண்ட் வோல்ட்டேஜுக்குக் கால் சுற்று முன்னாடி ஓடும். உப்பில் கசியுறது வோல்ட்டேஜோட சேர்ந்து ஓடும். அதனால் உப்பு 12, ஃபில்டர் 3.5-ன்னா மொத்தம் 15.5 இல்லை. ரெண்டோட வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தா 12.5-தான். "ஏ.சி. வந்த அப்புறம்தான் விழுது, ஏ.சி. கம்பெனி மாத்திக் கொடுக்கணும்"னு நிக்கிறவங்ககிட்ட இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டலாம்.

ஏ.சி.க்குன்னு இன்னொண்ணு. இன்வெர்ட்டர் ஏ.சி. இருக்கிற லைனில் ஏசி டைப் (பேர்தான் அப்படி, ஏ.சி. மெஷினுக்குன்னு செஞ்சது இல்லை) ஆர்.சி.சி.பி. போடக் கூடாது, குறைஞ்சது ஏ டைப் போடணும். எலெக்ட்ரானிக் பவர் போர்டிலிருந்து வர்ற கசிவு ஒருபக்கத் துடிப்பா வரும். ஏசி டைப் அதைச் சரியா உணராது, விழவேண்டிய நேரத்தில் விழாமலும் போகலாம். முகத்தில் போட்டிருக்கிற குறியைப் பாருங்க. ஒரே ஒரு அலை போட்டிருந்தா ஏசி டைப். அலைக்குக் கீழே ரெண்டு மேடு சேர்த்துப் போட்டிருந்தா ஏ டைப்.

மண்டபம் ஒயர்மேன் | 5 நவம்பர், இரவு 9:40

காக்கா, நல்ல திருத்தம். ஹீட்டர், கீசர், இஸ்திரிப் பெட்டி, உப்பு ஈரம்: நேராக் கூட்டணும். ஃபில்டர் கசிவை நேராக் கூட்டக் கூடாது.

ஹீட்டர் பொருள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு. எலிமெண்டில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்குங்கிறது முக்கியம். பேஸ் முனைக்குப் பக்கத்தில் விழுந்திருந்தா நிறையக் கசியும். நியூட்ரல் முனைக்குப் பக்கத்தில்னா கொஞ்சம்தான். ஒரு சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தா, ஹாலில் ஓடுற பொருள் சமையலறையில் விழும். கஸ்டமர் சமையலறை வயரிங் சரியில்லைம்பார். சாக்கெட் மாறியிருக்கிறதும் உண்மை, எலிமெண்ட் போயிருக்கிறதும் உண்மை. ரெண்டையும் சொல்லணும்.

ராமேஸ்வரம் லாட்ஜ் கீசர்களில் சூடானப்புறம்தான் விழும். உப்புத்தண்ணியில் எலிமெண்ட் உறை மயிரிழையா வெடிச்சிருக்கும், ஆறினா மூடிக்கும், சூட்டில் விரிஞ்சா தண்ணி உள்ளே போகும். ஆறின கீசரில் மெகர் வச்சு நல்லதுன்னு எழுதிக் கொடுத்தா மறுநாளே ரூம்காரர் சத்தம் போடுவார். இருபது நிமிஷம் ஓட்டிச் சூடேத்தி, ப்ளக்கைக் கழற்றின உடனே வைங்க. மாறா, ரொம்ப நாள் ஓடாம கிடந்த எலிமெண்ட் உள்ளே இருக்கிற வெள்ளைப் பொடி ஈரம் குடிச்சு மெகரில் குறைச்சுக் காட்டும். அதைச் சூடேத்தி உலர்த்தினா ஏறிடும், மாத்த வேண்டாம்.

தொண்டி | 6 நவம்பர், காலை 5:50

மீன் கடை ஃப்ரீசரைப் பத்தி யாரும் பேசலையே. ராத்திரி விழுந்து, காலையில் பார்த்தா இறாலும் கணவாயும் போயிருக்கும். ஒயர்மேன்தான் நஷ்டம் தரணும்னு நிப்பாங்க. அதுக்கு ஃப்ரீசர் லைனில் 100 மில்லி ஆம்பியர் போட்டுட்டா விழாது.

மண்டபம் ஒயர்மேன் | 6 நவம்பர், காலை 6:35

100 போட வேண்டாம். அது தீப்பிடிக்காம பார்க்கிற அளவு, ஆளைக் காப்பாத்துற அளவு 30. மீன் கடையில் தரை எப்பவும் ஈரம், காலில் செருப்பு இருக்காது, ஃப்ரீசர் பாடி தகரம். 30-க்கு மேல போகக் கூடாத இடம்னா அதுதான்.

செய்ய வேண்டியது வேற. ஃப்ரீசருக்குத் தனியா ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (கசிவுக்கும் ஓவர்லோடுக்கும் சேர்த்து விழுறது) போட்டு, மெயினிலிருந்து நேரா லைன் இழுங்க. கடை விளக்கும் வெளி போர்டும் வேற இ.எல்.சி.பி.யில் இருக்கட்டும். அங்கே என்ன கசிஞ்சாலும் ஃப்ரீசர் நிக்காது. முன்னாடி மெயினில் 100 போடணும்னா தாமதிச்சு விழுற எஸ் டைப் போடுங்க, அப்பதான் கீழே இருக்கிற 30 முதல்ல விழும். கரண்ட் நின்னா கத்துற பேட்டரி அலாரம் ஒண்ணும் மாட்டச் சொல்லுங்க. அலாரம் வேண்டாம்னு கடைக்காரர் சொன்னா அதையும் பில்லில் எழுதிடுங்க.

தொண்டி | 6 நவம்பர், காலை 7:00

சரி, எஸ் டைப் சேர்த்துக்கிறேன். விழுறது இ.எல்.சி.பி.யா எம்.சி.பி.யான்னே பல பேர் சொல்ல மாட்டேங்கிறாங்க, அதையும் எழுதுங்க.

மண்டபம் ஒயர்மேன் | 6 நவம்பர், இரவு 8:30

போனில் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். டெஸ்ட் பட்டன் இருக்கிறது இ.எல்.சி.பி., அது விழுந்தா கசிவு. சும்மா குச்சி மாதிரி இருக்கிறது எம்.சி.பி., அது விழுந்தா ஓவர்லோடு, இல்லாட்டி ஷார்ட். ஆர்.சி.பி.ஓ.ன்னா ரெண்டுமே இருக்கலாம், போய்த்தான் பார்க்கணும்.

எம்.சி.பி. சண்டை பெரும்பாலும் கம்ப்ரஸரும் மோட்டாரும். பி கர்வ் எம்.சி.பி. அதில் போட்டிருக்கிற ஆம்பியரில் மூணு முதல் அஞ்சு மடங்கில் உடனே விழும், சி கர்வ் அஞ்சு முதல் பத்து மடங்கில். 1 எச்.பி. மோட்டார் கிளம்பும்போது 30 ஆம்பியருக்கு மேல இழுக்கும். 10 ஆம்பியர் பி கர்வ் போட்டா விழாம என்ன செய்யும்? மோட்டார்மேல் பழி போட வேண்டாம், சி கர்வுக்கு மாத்தணும். வயர் அளவைப் பார்க்காம ஆம்பியரை மட்டும் ஏத்திடக் கூடாது. லைன் கடைசியில் இருக்கிற ஊர்களில் சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்கும், கம்ப்ரஸர் கிளம்ப முடியாம முக்கும், கரண்ட் ஏறும், விழும். அப்போ வோல்ட்டேஜை அளந்து எழுதி வைங்க, அது இ.பி.க்குக் கொடுக்கிற மனு. எம்.சி.பி. டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தாலும், உப்புப் பிடிச்சுப் பச்சைக் களிம்பு ஏறினாலும் அந்த இடம் சுட்டு, லோடு கம்மியா இருந்தாலும் விழும். விழுந்த உடனே கைவைச்சுப் பாக்ஸைத் தொடாதீங்க. கரண்டை நிறுத்திட்டுப் பாருங்க, இன்சுலேஷன் கருகின வாடை வரும்.

வாசகர் | 9 நவம்பர், காலை 9:10

மீட்டர் வச்சிருக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டு அளந்தாச்சு. மழை ராத்திரி, எல்லா ப்ளக்கையும் கழற்றி, கேட் லைட் எரியும்போது 13. லைட்டை அணைச்சா 4. ஃப்ரிட்ஜ் மட்டும் சாதாரணமா 0.4, ராத்திரி மேக்ஸ் ஹோல்டில் 6. இப்போ இருக்கிற புது இ.எல்.சி.பி. 18-இல் விழுது. இப்போ யார்கிட்ட என்ன கேட்கிறது?

மண்டபம் ஒயர்மேன் | 9 நவம்பர், இரவு 9:00

கேட் லைட் 9 கசியுது: 13-இல் 4 போனா மிச்சம். அது வீட்டு வேலை, செலவு உங்களோடது. பாக்ஸைத் திறந்து பாருங்க. வயர் உறையை ஒரு சாண் உரிச்சா உள்ளே செம்பு கறுத்திருக்கும், பளிச்சுன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டணும். காய்ஞ்ச துணியால் துடைச்சா உப்பு போகாது. லைனைக் கழற்றிட்டு நல்ல தண்ணியில் கழுவிக் காய வைக்கணும், இல்லாட்டி பாக்ஸையே மாத்திடுங்க. ஐ.பி. 65 (தூசியும் தண்ணியும் புகாத) பாக்ஸ், வயர் நுழையுற ஓட்டையை இறுக்கி மூடுற கேபிள் கிளாண்ட் போட்டு, வயர் கீழேயிருந்து ஏறுற மாதிரி. மேலேயிருந்து இறக்கினா மழைத்தண்ணி வயரோடவே உள்ளே வரும்.

ஃப்ரிட்ஜ் 6. ஒரே இடத்தில் நிக்கிற, எர்த் பின் உள்ள மோட்டார் சாதனத்துக்குப் பொதுவா அனுமதி 3.5. அது கம்பெனி வேலை, வாரண்டியில் ஹீட்டர் மாத்தணும். ஒயர்மேனை விட்டு ஃப்ரிட்ஜ் பின்பக்கத்தைத் திறக்க விடாதீங்க. ஒரு ஸ்க்ரூவில் கை வச்சாலும் "வெளியாள் திறந்துட்டார்"னு வாரண்டியை மறுக்க ஒரு காரணம் கிடைச்சுடும்.

இ.எல்.சி.பி. மேல தப்பே இல்லை. பழையதைக் கேட்டு வாங்குங்க. கழற்றின பொருளைக் கஸ்டமர் கையில் கொடுத்துட்டுப் போறதுதான் முறை. அது நல்லா இருந்தா பொருள் காசை அவர் திருப்பித் தரணும், கூலி அவரோடது.

கீழக்கரை ஏ.சி. மெக்கானிக் | 9 நவம்பர், இரவு 9:25

கூலி ஏன் காக்கா? அளக்காம மாத்தினதுக்கு எதுக்குக் கூலி?

மண்டபம் ஒயர்மேன் | 10 நவம்பர், காலை 6:15

ராத்திரி யோசிச்சேன், நீங்க சொல்றதுதான் நியாயம். வந்து பார்த்த கூலி வேற, மாத்தின கூலி வேற. பார்த்த கூலியை வீட்டுக்குள்ளே வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும், கோளாறு கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அது உண்டு. மாத்தின கூலி, அளந்து காட்டி மாத்தினா மட்டும்.

அளக்கிறதுக்கு டெஸ்டர்தான் வேணும்னு இல்லை, ஒயர்மேன்களுக்கு மட்டும் சொல்றேன். பேஸிலிருந்து எர்த்துக்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வச்சா 10 மில்லி ஆம்பியர் சுமார், விழக் கூடாது. 6.8 கிலோ ஓம்னா 34 சுமார், கட்டாயம் விழணும். 6.8-க்கு 10 வாட் வயர்வுண்ட் எடுங்க, சின்னது கருகிடும். ரெண்டையும் மூடின டப்பாவில் ப்ளக்கோட செஞ்சு வச்சுக்கங்க. திறந்த வயரில் செய்யவே கூடாது. வீட்டில் எல்லா லோடையும் கழற்றினப்புறம்தான் இது, இல்லாட்டி ஏற்கெனவே கசியுறதும் சேர்ந்துடும். டெஸ்ட் பட்டன் விழுந்தா இ.எல்.சி.பி. வேலை செய்யுதுன்னு தெரியும், எர்த் இருக்குன்னு தெரியாது. பட்டன் உள்ளே இருக்கிற ரெசிஸ்டர் எர்த்தைத் தொடுறதே இல்லை.

வாசகர் | 10 நவம்பர், மாலை 6:40

கம்பெனி ஒத்துக்கலைன்னா? கோர்ட்டுக்கெல்லாம் போகணுமா?

மண்டபம் ஒயர்மேன் | 10 நவம்பர், இரவு 10:10

முதல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பல கம்பெனி அதிலேயே இறங்கி வந்துடும். இல்லாட்டி ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி பொருளுக்கும் கேட்கலாம், சேவைக்கும் கேட்கலாம். ஒயர்மேனும் அதுக்குள்ளே வருவார். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, காரணம் ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள்ளே போடணும். சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்ங்கிற கோளாறுன்னா ஆணையம் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம்.

அங்கே பேசுறது காகிதம். ஒயர்மேன் எழுதிக் கொடுக்கிற சீட்டு இப்படி இருந்தாப் போதும்:

"தேதி, நேரம், மழை. எல்லாப் பொருளும் கழற்றிய நிலையில் வயரிங் கசிவு 13; கேட் லைட் அணைத்தால் 4. ஃப்ரிட்ஜ் மட்டும் 0.4, டிஃப்ராஸ்ட் நேரத்தில் 6. இ.எல்.சி.பி. விழும் அளவு 18. எல்லாம் மில்லி ஆம்பியரில். ஃப்ரிட்ஜ் திறக்கப்படவில்லை. அளந்தவர் கையெழுத்து, உடன் நின்றவர் கையெழுத்து."

கோளாறு யார் மேலன்னு சீட்டில் எழுத வேண்டாம். நம்பரை எழுதினாப் போதும். மீட்டர் முகத்தை, ஃப்ரிட்ஜ் சீரியல் நம்பரோட ஒரே படத்தில் எடுத்து வைங்க.

தங்கச்சிமடம் | 11 நவம்பர், காலை 7:30

இ.எல்.சி.பி.யை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடுங்க, எர்த் பின்னை வெட்டி விடுங்கன்னு நிக்கிறவங்களை என்ன செய்யறது? செய்யலைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறாங்க.

மண்டபம் ஒயர்மேன் | 11 நவம்பர், காலை 7:50

செய்யக் கூடாது. எர்த் பின்னை வெட்டினா இ.எல்.சி.பி. விழாது, அந்த 6 மில்லி ஆம்பியர் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் காத்திருக்கும். நாளைக்கு ஹீட்டர் இன்னும் கெட்டா அது 60 ஆகும். டைரக்டும் பண்ணி, பின்னையும் வெட்டியிருந்தா, ஈரக்கையோட ஐஸ் எடுக்க வர்ற குழந்தைதான் எர்த். இதை வீட்டில் இருக்கிற பெண்கள்கிட்டயும் நேராச் சொல்லுங்க, வீட்டுக்காரரைவிட அவங்க சீக்கிரம் புரிஞ்சுக்குவாங்க. மறுத்ததை பில்லில் எழுதிக் கையெழுத்து கேளுங்க. "பாதுகாப்பை நீக்கக் கேட்டார், மறுத்தேன்." கையெழுத்து போட மாட்டார், ஆனா அதைப் படிச்சதும் பல பேர் மனசு மாறிடுவாங்க.

உடனே கரண்ட் வேணும்னா விழுற லைனை மட்டும் பேஸ், நியூட்ரல் ரெண்டையும் கழற்றி டேப் சுத்தி ஒதுக்கிட்டு, மத்ததை ஓட விடலாம். ஃப்ரிட்ஜ் இல்லாம ஒரு நாள் இருக்க முடியாதுன்னு கேட்டா, கேட் லைட்டை ஒதுக்குங்க. உங்க வீட்டில் இப்பவே அதைச் செய்யலாம். 4-ம் 6-ம் 10, விழாது.

வாசகர் | 18 நவம்பர், இரவு 8:15

கேட் லைட் பாக்ஸ் மாத்தியாச்சு, நீங்க சொன்ன மாதிரியே செம்பு கறுத்துத்தான் இருந்தது. ராத்திரி மொத்தம் 5-க்குள்ளே. சீட்டையும் படத்தையும் அனுப்பினப்புறம் கம்பெனியிலிருந்து வேற டெக்னீஷியன் வந்து ஹீட்டர் மாத்தினார், இப்போ மேக்ஸ் ஹோல்டில் 0.5. ஒயர்மேன் பொருள் காசைக் கொடுத்துட்டார், கூலியை அடுத்த வேலையில் கழிச்சுக்கிறேன்னார். பழைய இ.எல்.சி.பி. கிடைக்கலை.

மண்டபம் ஒயர்மேன் | 18 நவம்பர், இரவு 9:05

புதுசு ஏ டைப்பான்னு முகத்தைப் பார்த்துக்கங்க. ஏசி டைப்பா இருந்தா, அந்தக் கூலியில் அதை மாத்தித் தரச் சொல்லுங்க, பொருள் வித்தியாசத்தை மட்டும் நீங்க கொடுங்க. வாடைக்காற்று முடியுற வரைக்கும் மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற ஸ்ப்ரிங்கும் காண்டாக்டும் ஒட்டிக்கும், அமுக்கி விழலைன்னா அன்னைக்கே மாத்தணும்.